பார்க்கின்சன் உள்ளவருக்கு வீட்டில் எடைப்பயிற்சி: எப்படித் தொடங்குவது, எப்படி ஏற்றுவது

பார்க்கின்சன் என்று தெரிந்ததும் சொந்தக்காரர்கள் முதல் மருந்துக்கடைக்காரர் வரை எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: தினமும் வாக்கிங் போகச் சொல்லுங்கள். போகட்டும், நல்லதுதான். ஆனால் சோபாவிலிருந்து எழுவதற்கு இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் ஆடிவிட்டு, கடைசியில் மறுபடி பின்னால் சாய்ந்துவிடுகிற மனிதருக்கு வாக்கிங் மட்டும் போதாது. அவருக்குத் தொடையிலும் பிட்டத்திலும் முதுகிலும் பலம் வேண்டும், அந்தப் பலத்தைச் சட்டென்று வெளியே எடுக்கவும் வரவேண்டும். அதற்கு எடை தூக்கியாக வேண்டும், உடற்பயிற்சிக்கென்று விற்கிற நீளமான ரப்பர் பேண்டை இழுத்தாக வேண்டும்.

எனக்கு இது அப்பாவோடு சேர்ந்து கற்ற விஷயம். சொல்லிக்கொடுத்தவர் ஒரு பிசியோதெரபிஸ்ட், பக்கத்தில் நின்று பிடிப்பது நான். அதனால் பக்கத்தில் நிற்பவருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டுமோ அதைத்தான் அதிகம் எழுதப்போகிறேன். தானாக எழுந்து நின்று, துணை இல்லாமலோ தடியோடோ நடக்க முடிகிறவர்களுக்கானது இது. அடிக்கடி விழுகிறவர், எழுந்து நிற்கவே இன்னொருவர் தூக்கிவிட வேண்டியவர் என்றால் வீட்டில் தனியாக ஆரம்பிக்க வேண்டாம், பிசியோ நேரில் பார்த்துத்தான் தொடங்க வேண்டும். இதை ஒப்புக்குச் சொல்லவில்லை. சிட்னியில் நடந்து 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 231 பேரைச் சேர்த்து, அதில் ஒரு பாதிக்கு ஆறு மாதம் பெரும்பாலும் வீட்டிலேயே செய்யும் கால் பலம், பேலன்ஸ் பயிற்சி கொடுத்தார்கள். நோய் லேசாக இருந்தவர்களில், பயிற்சி செய்யாதவர்களோடு ஒப்பிட்டால் விழுவது கிட்டத்தட்ட 70 சதவீதம் குறைவு. நோய் முற்றியவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. சீக்கிரம் தொடங்குவது எவ்வளவு முக்கியம் என்பதும் அதிலேயே இருக்கிறது.

ஏன் எடை?

பார்க்கின்சனில் டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள் குறைவதால் மூளையிலிருந்து தசைக்குப் போகும் உத்தரவு தாமதமாகவும் பலவீனமாகவும் போகிறது. நடமாட்டம் குறையக் குறைய தசையும் கரைகிறது. அதிலும் நம்மை நிமிர்த்திப் பிடிக்கிற பின்பக்கத் தசைகள், அதாவது முதுகு, பிட்டம், கெண்டைக்கால் எல்லாம் தளர்ந்துபோவதாலும்தான் முன்னால் கூன் விழுந்து, முழங்கால் லேசாக மடங்கியே நிற்கிற அந்த நிலை வருகிறது. அப்படி நிற்பவரை யாராவது லேசாகத் தட்டினாலும் ஓரடி பின்னால் வைத்துச் சமாளிக்க முடியாமல் அப்படியே மல்லாக்க விழுகிறார்.

சிகாகோவில் நடந்த ஆய்வு ஒன்று 2013-இல் வெளிவந்தது. பார்க்கின்சன் உள்ள 48 பேர், இரண்டு வருடம், வாரத்துக்கு இரண்டு நாள். ஒரு குழுவுக்கு நீட்டி மடக்குவது, பேலன்ஸ், மூச்சு என்று எடை ஏற்றாத பயிற்சி. இன்னொரு குழுவுக்குப் படிப்படியாக எடை ஏறிக்கொண்டே போகிற பயிற்சி. ஆறு மாதத்தில் இரண்டு குழுவும் ஒரே அளவுக்குத் தேறினார்கள். இரண்டு வருட முடிவில், மாத்திரையின் வேலை இல்லாத நேரத்தில் சோதித்தபோது, முதல் குழு தொடங்கிய இடத்துக்கே திரும்பியிருந்தது, எடை ஏற்றியவர்கள் மட்டும் முன்னேற்றத்தைத் தக்கவைத்திருந்தார்கள். ஆறு மாதம் பார்த்துவிட்டு "இதுவே போதும்போல" என்று அதே பேண்டோடு நின்றுவிடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. எடை ஏற வேண்டும். இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வதானால் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

தொடங்கும் முன்

நியூராலஜிஸ்டிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், இதயம், மூட்டு, முதுகுத்தண்டு சம்பந்தமான பிரச்சினை இருந்தால் கட்டாயம். மூளைக்கு மின்தூண்டல் கொடுக்கும் டி.பி.எஸ். கருவி பொருத்தியவர்கள், ஆபரேஷன் செய்த டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான். எலும்பு அடர்த்தி எப்படி இருக்கிறது என்றும் கேளுங்கள், இந்த நோயில் எலும்பு மெலிவு சாதாரணமாக வருவது, பலர் அதைப் பார்ப்பதே இல்லை.

அப்புறம் ரத்த அழுத்தம். பார்க்கின்சனில் எழுந்து நின்றதும் பிரஷர் இறங்குவது அடிக்கடி நடக்கும், மாத்திரைகளும் அதைக் கூட்டும். ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒரு முறை, எழுந்து நின்ற ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் ஒவ்வொரு முறை அளந்து பாருங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல், இல்லை கீழ் எண் 10 அல்லது அதற்கு மேல் இறங்கினால் டாக்டரிடம் சொல்லிவிட்டு, அவர் பார்க்கும்வரை உட்கார்ந்து செய்யும் பயிற்சியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உடை விஷயத்தில் அப்பாக்களோடு சண்டை போடத் தயாராக இருங்கள். வேட்டியும் லுங்கியும் கட்டிக்கொண்டு இதைச் செய்யக் கூடாது, கால் அகலமாக வைக்கும்போது தடுக்கும், படி ஏறும்போது விரலில் மாட்டும். அரைக்கால் சட்டையோ டிராக் பேண்டோ போதும். அம்மாக்களுக்குச் சுடிதார், அல்லது நைட்டியைக் கணுக்காலுக்கு மேல் ஏற்றிக் கட்டுவது. ரப்பர் செருப்பு வேண்டவே வேண்டாம், பின்பக்கம் மூடிய ஷூ நல்லது. மிதியடி, பாய், கீழே கிடக்கும் சார்ஜர் வயர் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்.

பிளாஸ்டிக் நாற்காலியும் வேண்டாம். டைல்ஸ் தரையில் அது பின்னால் சறுக்கும், ஒரு பக்கம் கை ஊன்றினால் கவிழும். கைப்பிடி உள்ள மர நாற்காலியைச் சுவரில் முட்டுக்கொடுத்துப் போடுங்கள்.

எந்த நேரத்தில்?

மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்தில். பார்க்கின்சனுக்குப் பரவலாகக் கொடுக்கும் லெவோடோபா மாத்திரையை எடுக்கிறவர்களுக்கு அது பெரும்பாலும் விழுங்கி முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் தொடங்கும், ஆனால் ஆளுக்கு ஆள் வித்தியாசப்படும் என்பதால் ஒரு வாரம் கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள்: எப்போது சட்டைப் பட்டனைத் தானே போடுகிறார், எப்போது குரல் தெளிவாக இருக்கிறது, எப்போது உதவி இல்லாமல் பாத்ரூம் போய் வருகிறார். அந்த ஒரு மணி நேரம்தான் பயிற்சி நேரம். பருப்பு, பால், முட்டை மாதிரி புரதம் நிறைந்த சாப்பாட்டோடு சேர்த்து மாத்திரை போட்டால் சிலருக்கு அது சரியாக ஏறாது, அன்றைக்குப் பயிற்சியும் சொதப்பும். மாத்திரையின் உச்சத்தில் உடம்பு தானாக நெளிந்து ஆடுகிறவர்கள் அது அடங்கிய பிறகு செய்யலாம். பயிற்சிக்காக மாத்திரை நேரத்தையோ அளவையோ நீங்களே மாற்றாதீர்கள்.

நாற்காலியிலிருந்து எழுவது

ஒரே ஒரு பயிற்சிதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். பாத்ரூம் போவது, பஸ் சீட்டிலிருந்து எழுவது, கோயிலில் உட்கார்ந்து எழுவது எல்லாமே இதற்குள்தான் இருக்கிறது.

முதலில் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து வரச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் முழுசாக உள்ளே உட்கார்ந்தபடியே எழப் பார்ப்பார்கள், அது ரொம்பக் கஷ்டம். இரண்டு பாதத்தையும் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்து, இடுப்பு அகலத்துக்கு வைக்க வேண்டும். பிறகு முன்னால் சாய வேண்டும், நன்றாகவே சாய வேண்டும்: மூக்கு கால் கட்டைவிரலுக்கு நேர் மேலே வரும் அளவுக்கு. இங்கேதான் பயப்படுவார்கள். முன்னால் விழுந்துவிடுவோம் என்று நினைத்து உடம்பை நிமிர்த்தியே எழ முயல்வதால்தான் பின்னால் விழுகிறார்கள். "மூக்கு, கட்டைவிரல்" என்று இரண்டு வார்த்தை மட்டும் சொல்லுங்கள், விளக்கம் வேண்டாம். சாய்ந்ததும் ஒரே வேகத்தில் மேலே. எழும்போது மூச்சை வெளியே விட வேண்டும், அடக்கக் கூடாது. முழுசாக நிமிர்ந்து, பிட்டத்தை இறுக்கி, எதிர்ச் சுவரில் ஒரு இடத்தைப் பார்க்க வேண்டும். பாதி நிமிர்ந்ததும் உட்கார்ந்துவிடுவது கணக்கில் வராது.

உட்காருவது மெதுவாக, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே. தொப்பென்று விழக்கூடாது. எழுவது வேகம், உட்காருவது நிதானம். பார்க்கின்சனில் பலத்தோடு சேர்ந்து வேகமும் போய்விடுகிறது, தடுமாறும்போது காலை எடுத்து வைக்க அந்த வேகம்தான் வேண்டும்.

ஆரம்பத்தில் முடியவில்லை என்றால் இருக்கை மேல் கெட்டியான ஒரு குஷன் போட்டு உயரத்தைக் கூட்டுங்கள், கைப்பிடியைப் பிடித்து எழட்டும். பிறகு குஷன் போகும், அப்புறம் கை மார்பில் குறுக்காக வரும். அதுவும் சுலபமானால் ஒரு பையில் இரண்டு கிலோ அரிசியைப் போட்டு மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு எழ வேண்டும்.

கை ஊன்றாமல் ஐந்து முறை எழுந்து உட்கார எத்தனை வினாடி ஆகிறது என்று மாதம் ஒரு முறை கடிகாரத்தில் பாருங்கள். பார்க்கின்சன் உள்ளவர்களுக்கு 16 வினாடிக்கு மேல் போனால் விழும் ஆபத்து அதிகம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். முன்னேற்றத்தைப் பார்க்கவும் இதைவிடச் சுலபமான வழி இல்லை.

மற்ற பயிற்சிகள்

கூனுக்குப் பேண்ட். ரப்பர் பேண்டை ஜன்னல் கம்பியில் நெஞ்சு உயரத்துக்குக் கட்டி, நீங்கள் முதலில் பலமாக இழுத்துப் பாருங்கள். அவர் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு முனையையும் பிடித்து, முழங்கையை விலாவை உரசியபடி பின்னால் இழுக்க வேண்டும், இரண்டு தோள்பட்டை எலும்பும் நடுவில் சந்திக்கிற மாதிரி. இரண்டு வினாடி நிறுத்தி, மெதுவாக விட வேண்டும். கை நடுக்கத்தால் பிடி நழுவினால் முனையை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்ளலாம், இறுக்கமாக வேண்டாம். பழகியதும் நின்றுகொண்டே இழுக்கலாம், அப்போது அவருக்குப் பின்னால் நாற்காலி இருக்கட்டும். பேண்டின் நிறம் பலத்தைக் குறிக்கும், பரவலாகக் கிடைக்கும் வகையில் மஞ்சள் லேசு, அடுத்து சிவப்பு, பச்சை, நீலம் என்று ஏறும். வெடிப்பு விட்ட பேண்டை உடனே தூக்கிப் போடுங்கள், இழுக்கும்போது அறுந்தால் முகத்தில்தான் அடிக்கும்.

சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நிற்பது கெண்டைக்காலுக்கு. மேலே வேகமாக, கீழே மெதுவாக. இதற்கு எதிரானதையும் விடாதீர்கள்: சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, குதிகால் தரையில் இருக்க முன்பாதத்தைத் தூக்குவது. காலைத் தேய்த்துத் தேய்த்து நடப்பதும், பின்னால் சாயும்போது உடம்பைப் பிடித்து நிறுத்த முடியாமல் போவதும் இந்த முன்பக்கத் தசை தளர்வதாலும்தான்.

மேடையைப் பிடித்தபடியே காலைப் பக்கவாட்டில் தூக்குவது இடுப்புக்கு. உடம்பு எதிர்ப்பக்கம் சாயக் கூடாது, கால் விரல் முன்னால் பார்த்திருக்க வேண்டும். சுலபமானதும் கணுக்காலில் அரைக் கிலோ மணல் பட்டை. கைப்பிடி உள்ள படி வீட்டில் இருந்தால், தரையை ஒட்டிய கீழ்ப்படியில் ஒரு கால் வைத்து ஏறி இறங்குவது, ஒரு பக்கம் முடித்து மறுபக்கம். கைப்பிடி இல்லாத மொட்டைமாடிப் படியில் இதைச் செய்யவே வேண்டாம். சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, கட்டிலில் மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது, இரண்டும் சுலபம். இடுப்பைத் தூக்கும் பயிற்சி இரவில் படுக்கையில் புரண்டு படுக்கவும் உதவுகிறது.

எவ்வளவு, எப்போது ஏற்றுவது?

அமெரிக்கப் பார்க்கின்சன் அறக்கட்டளையும் அங்குள்ள விளையாட்டு மருத்துவ நிபுணர்கள் அமைப்பும் (ACSM) சேர்ந்து 2021-இல் கொடுத்த பரிந்துரை இதுதான்: வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று நாள், அடுத்தடுத்த நாளாக இல்லாமல், ஒரு நாளைக்கு அரை மணியாவது, முக்கியத் தசைகள் ஒவ்வொன்றுக்கும் 10 முதல் 15 முறை. திங்கள், வியாழன் என்று வைத்தாலே போதும். இந்த 10 முதல் 15 முறை சேர்ந்ததுதான் ஒரு செட். முதல் இரண்டு வாரம் ஒவ்வொன்றும் ஒரு செட், பிறகு இரண்டு. நடுவில் ஒன்றிரண்டு நிமிடம் உட்கார்ந்து ஓய்வு.

எடை சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? கடைசி இரண்டு மூன்று முறை சிரமமாக இருக்க வேண்டும், ஆனால் உடம்பு கோணக் கூடாது. "பத்துக்கு எத்தனை கஷ்டம்?" என்று கேளுங்கள். ஆரம்பத்தில் மூன்று, நான்கு. போகப் போக ஐந்து, ஆறு. "ஒண்ணுமே தெரியலைப்பா" என்று சொன்னால் ஏற்றும் நேரம் வந்துவிட்டது. இரண்டு செட்டிலும் 15 முறை ஒழுங்காக வந்துவிட்டால் அடுத்த முறை கொஞ்சம் ஏற்றுங்கள், அரிசிப் பையில் கால் கிலோ அரைக் கிலோ கூட்டுவது மாதிரி, ஒரேயடியாக இரட்டிப்பாக்காமல். ஏற்றியதும் எண்ணிக்கை பத்துக்கு இறங்கும், அது சரிதான். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒரு கிலோ, டம்பெல் வாங்க ஓட வேண்டியதில்லை.

மறுநாள் தசை வலிப்பது சகஜம். மூட்டில் குத்தும் வலி, நெஞ்சு இறுக்கம், தலை சுற்றல், கண் இருட்டுவது இவை வந்தால் உடனே உட்கார வைத்து அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். நெஞ்சு இறுக்கம் என்றால் நேராக ஆஸ்பத்திரி.

பேலன்ஸ் தனியாக

பலம் வந்துவிட்டால் பேலன்ஸ் தானாக வரும் என்று நானும் நினைத்ததுண்டு, பாதிதான் உண்மை. ஓரிகனில் 195 பேரை மூன்று குழுவாக்கி, ஒரு குழுவுக்குத் தாய் சி என்ற மெதுவான சீனப் பயிற்சி, ஒரு குழுவுக்கு எடைப்பயிற்சி, ஒரு குழுவுக்கு நீட்டி மடக்குவது என்று 24 வாரம் செய்ய வைத்தார்கள், 2012-இல் வெளிவந்தது. நிற்கும் சமநிலையில் முந்தியது தாய் சி. உடம்பின் எடையை நிதானமாக ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றுவதுதான் அதன் சாரம், அதை நாமும் எடைப்பயிற்சியோடு சேர்த்துக்கொள்ளலாம்.

இரண்டு சுவர் சேரும் மூலை கிடைத்தால் நல்லது. முதுகு மூலையைப் பார்க்க, முன்னால் கனமான நாற்காலியின் முதுகுப்பக்கம். பின்னால் விழுந்தால் சுவர் தாங்கும். கால்களைச் சேர்த்து நிற்பது, பிறகு ஒரு காலைப் பாதி முன்னால், பிறகு குதிகாலும் விரலும் தொடுகிற மாதிரி ஒரே கோட்டில். ஒவ்வொன்றும் பத்து வினாடி. முதலில் இரண்டு கையும் நாற்காலியில், பிறகு ஒரு கை, பிறகு இரண்டு விரல். கண்ணை மூடி நிற்பதெல்லாம் பிசியோ பக்கத்தில் இருக்கும்போது வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து பெரிய அடி. சமையல் மேடை ஓரமாக முன்னால் ஒரு பெரிய அடி வைத்துத் திரும்ப வருவது, பக்கவாட்டில், பின்னால். அவருக்குப் பெரிதாகத் தோன்றுவது நமக்குச் சாதாரண அடியாக இருக்கும், அதனால் தரையில் கலர் டேப் ஒட்டி "அதைத் தாண்டுங்க" என்று சொன்னால் வேலை நடக்கும். திரும்பும்போது நின்ற இடத்திலேயே சுழலக் கூடாது, வளைவாக நடந்து திரும்ப வேண்டும். பார்க்கின்சனில் விழுவது நிறைய நடப்பது இந்தத் திருப்பத்தில்தான்.

நடந்துகொண்டே பேச ஆரம்பித்தால் அடி சுருங்குவதைக் கவனித்திருப்பீர்கள். நிலையாக நடக்க ஆரம்பித்த பிறகு இதையும் பழக்கலாம். எங்கள் வீட்டு ஹாலில் அப்பா நடக்கும்போது எழும்பூரிலிருந்து தாம்பரம் வரை ஸ்டேஷன் பெயரைச் சொல்லிக்கொண்டே வருவார். சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம் வரை அடி நன்றாக இருக்கும், கோடம்பாக்கத்துக்குப் பிறகு மாம்பலமா சைதாப்பேட்டையா என்று யோசிக்கும் நொடியில் கால் தேயத் தொடங்கும். அங்கே நான் நிறுத்தச் சொல்வேன், நிமிர்ந்து நின்று பதில் சொல்லிவிட்டு மறுபடி பெரிய அடி. அடிக்கடி விழுகிறவர்களுக்கு இது வேண்டாம், அவர்கள் நடக்கும்போது நடப்பதை மட்டும் கவனிக்கட்டும்.

பக்கத்தில் நிற்பவருக்கு

நிற்க வேண்டிய இடம் அவருக்குச் சற்றுப் பின்னால், பலவீனமான பக்கமாக. கையைப் பிடித்து இழுக்காதீர்கள், தோள் இறங்கும், பேலன்ஸும் போகும். இடுப்பில் அகலமான பெல்ட் கட்டி அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒரே உத்தரவு. "சீக்கிரம்" என்ற வார்த்தையைச் சொல்லவே சொல்லாதீர்கள், பதற்றம் வந்தால் கால் இன்னும் நின்றுவிடும்.

கால் தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிட்டால், குறிப்பாக வாசற்படியிலும் திருப்பத்திலும், முன்னால் இழுத்தால் உடம்பு மட்டும் வரும், கால் வராது. முதலில் நிற்கட்டும். நிமிரட்டும். எடையை இடம் வலமாக இரண்டு மூன்று முறை மாற்றி ஆடச் சொல்லிவிட்டு, "லெஃப்ட், ரைட்" என்று தாளம் போட்டு எண்ணி ஒரு பெரிய அடியோடு தொடங்கச் சொல்லுங்கள். பயிற்சி நடுவே இப்படி இரண்டு தடவைக்கு மேல் நடந்தால் மாத்திரையின் வேலை இறங்கிக்கொண்டிருக்கலாம், மீதியை உட்கார்ந்து செய்து முடித்துவிடலாம்.

ஒரு நோட்டில் தேதி, மாத்திரை போட்ட நேரம், எடை, எண்ணிக்கை, அன்று தடுமாறினாரா என்று எழுதி வையுங்கள். டாக்டரிடம் போகும்போது "பரவாயில்லை டாக்டர்" என்று சொல்வதைவிட அந்த நோட்டைக் காட்டுவது உதவும், மாத்திரை நேரத்தை மாற்ற வேண்டுமா என்று அவர் அதைப் பார்த்தே முடிவு செய்ய முடியும்.

காய்ச்சல், கல்யாணம், ஊருக்குப் போவது என்று நடுவில் விட்டுப்போகத்தான் செய்யும். ஒரு வாரம் என்றால் விட்ட எடையிலேயே ஒரு செட் மட்டும் செய்து பாருங்கள். அதற்கு மேல் போய்விட்டால் எடையைப் பாதியாக்கி, நாற்காலியில் குஷனையும் திரும்பப் போட்டுத் தொடங்குங்கள். முதல் நாள் அவர் கோபப்படுவார், "நான் ரெண்டு கிலோ தூக்கினவன்" என்பார். சிரித்துவிட்டு ஒரு கிலோவையே கையில் கொடுங்கள்.